எங்களிட்டை மெசின் இருக்கு

ஒரு மகளையும் இரண்டு பற்றரிகளையும் வளர்த்தவன் நான். இதில் எதைக் கூடிய கவனத்தோடு வளர்த்தேன் என்று மகளிடம் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாள்களை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. பற்றரிகள் இருந்த அலுமாரியின் வெப்பநிலையை நூற்றுப் பதினாறு நாள்கள் கொப்பியில் எழுதியிருக்கிறேன். கொப்பி இன்னும் இருக்கிறது. (எண்பது பக்கக் கொப்பி. முப்பத்தொரு பக்கம் பற்றரிக்கே போய்விட்டது.)

சம்பவம் நடந்தது மூன்று மாரிகளுக்கு முன்னர். அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. இளமைத் திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊரில் ஒரு தொழிற்சாலையின் களஞ்சியத்தில் இருபத்தாறு வருடங்கள் சாமான் எண்ணியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குச் சாமான் இல்லை, ஆனால் பழக்கம் இருந்தது. படிக்கட்டை எண்ணினேன். சாப்பிட்ட இடியப்பத்தை எண்ணினேன். என் மனைவி தவமணி தொலைபேசியில் தன் தங்கையிடம் எத்தனை தரம் "பிறகு?" என்று கேட்கிறாள் என்று எண்ணினேன். (ஒரு மணித்தியாலத்துக்கு நாற்பத்தொன்று.) இந்த நிலையில்தான் வீட்டுக்கு அந்த மெசின் வந்தது.

எங்கள் வீட்டுக் கதவிலிருந்து தெரு வரைக்கும் பதினான்கு மீற்றர் பாதை. கார் அதில்தான் போக வேண்டும். பனி கொட்டினால் அதைச் சவளால் அள்ளுவது என் வேலை, அள்ளிய பிறகு நான்கு நாள்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் என் வேலை. ஆகவே ஒரு செப்டம்பரில், பற்றரியில் ஓடும் பனி தள்ளும் மெசின் ஒன்றை வாங்கினேன். வயர் இல்லை, பெற்றோல் இல்லை, புகை இல்லை. செங்கல் அளவில் இரண்டு பற்றரிகளைச் செருகிப் பிடியை அழுத்தினால், முன்னால் இருக்கும் பனியை வாரி, ஒரு குழாய் வழியாகப் பக்கத்தில் வீசும்.

மெசினோடு நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு கைநூலும் வந்தது. மற்றவர்கள் அதைப் பெட்டியோடு சேர்த்து எறிந்துவிடுவார்கள். நான் நான்கு தரம் வாசித்தேன். இருபத்தேழு இடங்களில் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். பற்றரியைக் குளிரில் வைக்கக் கூடாது. வெயிலிலும் வைக்கக் கூடாது. ஐந்து பாகைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது. கனநாள் பாவிக்காமல் வைப்பதானால் நிறையச் சார்ஜோடும் வைக்கக் கூடாது, வெறுமையாகவும் வைக்கக் கூடாது. பாதியில் வைக்க வேண்டும். ஐந்நூறு தரம் சார்ஜ் போடலாம், அதன் பிறகு அதற்கு வயதாகிவிடும்.

அந்த ஐந்நூறு என்ற எண்தான் என்னைப் பிடித்தது. எண்ணுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

பற்றரிகளின் முதுகில் 1, 2 என்று எழுதினேன். ஒவ்வொன்றிலும் நான்கு பச்சை லைற். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டும். பாதி என்றால் இரண்டு லைற். தவமணியின் கூறைச்சேலை இருந்த அலுமாரித் தட்டில், அவளுடைய கம்பளிச் சால்வையில் சுற்றி, இரண்டையும் படுக்க வைத்தேன்.

"இஞ்சேருங்கோ, என்ரை சால்வை எங்கை?"

"பற்றரிக்குப் போர்த்திருக்கிறன்."

"எனக்கு எப்பவாவது நீங்கள் போர்த்திவிட்டிருக்கிறியளோ?"

"நீர் என்ன, ஐந்து பாகைக்குக் கீழை பழுதாப் போற சாமானோ?"

(இந்தப் பதிலை அன்று ஒரு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.)

அக்டோபரில் சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் புத்தகங்களோடு கத்தரிக்கோல், குறடு, கார்த் திறப்பு எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம், குங்குமம் சாத்துவோம். அந்த முறை பற்றரிகளையும் ஒரு தட்டில் வைத்தேன். பொட்டு எங்கே வைப்பது? முதுகில் நான் எழுதிய இலக்கம் இருக்கிறது. வயிற்றில் கம்பனியின் எச்சரிக்கை இருக்கிறது. முன்பக்கத்தில் மட்டும் செம்பு மின்னும் மூன்று சின்ன வெட்டுகள், பார்ப்பதற்கு நெற்றியில் திருநீற்றுக் குறி மாதிரியே இருந்தன.

"மேல்மூடியிலை வையுங்கோவன்" என்றாள் தவமணி.

"பொட்டு நெற்றியிலைதான் வைக்கிறது" என்றேன்.

சந்தனத்தை நன்றாகக் குழைத்து, மூன்று வெட்டுகளும் நிரம்ப, பெருவிரலால் அழுத்திச் சாத்தினேன். எதிலும் அரைகுறை எனக்குப் பிடிக்காது.

அதே வாரம் செய்த இன்னொரு பெருந்தன்மையையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டில் இருப்பவர் பிரேபன். எழுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற எலெக்ட்ரீசியன், ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் பேசாதவர். என்னிடம் இருந்த இரண்டு சவள்களையும் வேலிக்கு மேலால் அவரிடம் நீட்டினேன்.

"வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் மெசின் இருக்கிறது" என்று டேனிஷில் சொன்னேன்.

"நோ" என்றார் பிரேபன். (இது மறுப்பு அல்ல. எங்கள் யூலாந்துப் பகுதிக்காரர் இதை 'ஓகோ', 'அப்படியா', 'பாவம்' என்ற மூன்று அர்த்தத்திலும் சொல்வார்கள். எது என்று அன்று நான் கேட்கவில்லை.)

டிசம்பரில் இரண்டு தரம் மெல்லிய பனி விழுந்தது. மெசினை எடுக்கவில்லை. இரண்டு சென்ரிமீற்றர் பனிக்காக ஐந்நூறில் ஒன்றைச் செலவழிக்கலாமா? தும்புத்தடியால் கூட்டினேன். தவமணி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"மெசினை வேண்டிச் சால்வையிலை சுத்தி வைச்சிட்டு மனிசன் தும்புத்தடியோடை நிக்குது" என்று தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னது எனக்குக் கேட்டது. அங்கிருந்து "பிறகு?" என்று கேட்டிருக்க வேண்டும். கதை நீண்டது.

இங்கே தவமணியின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணிலும் வெண்புரை. வலது கண் மிக மோசம். பருப்பில் கல் இருப்பது தெரியாது, தெருவில் எதிரே வருபவர் யார் என்று தெரியாது. சத்திரசிகிச்சைக்கு ஏழு மாதம் காத்திருந்து, ஜனவரி கடைசியில் வைலே நகரில் ஒரு கண் கிளினிக்கில் நாள் கிடைத்தது. காலை ஒன்பதரை மணி. தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிகிச்சைக்கு முதல் நாளிலிருந்தே ஒரு நாளைக்கு நான்கு தரம் கண்ணுக்குத் துளி மருந்து விட வேண்டும்.

முதல் நாள் மத்தியானம் மகள் நிரூபா வைலேயிலிருந்து அழைத்தாள். அவள் டேனிஷில் கதைப்பாள், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். முப்பது வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

"அப்பா, பெரும் பனி வரப்போகிறதாம். இன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வாருங்கள். இங்கிருந்து கிளினிக் ஐந்து நிமிடம்."

"தேவையில்லைப் பிள்ளை. எங்களிட்டை மெசின் இருக்கு."

"அப்பா, அதை ஒரு தரமாவது ஓட்டிப் பார்த்தீர்களா?"

"நாற்பத்தெட்டுப் பக்கம் வாசிச்சிருக்கிறன்."

தவமணி பையில் இரவு உடுப்பை வைத்து மூடியிருந்தாள். நான் அதைத் திரும்பத் திறந்து வைத்தேன். "போவம் எண்டு அவள் சொல்லுறாள்தானே" என்றாள். "பதினாலு மீற்றர். இருபத்திமூண்டு நிமிசம். கணக்குப் பாத்திட்டன்" என்றேன். அவள் இரவு உடுப்பை மெதுவாக எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தாள். அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு மணிக்குப் பற்றரிகளைச் சால்வையிலிருந்து எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன்: இரண்டு லைற், இரண்டிலும். உச்சி குளிர்ந்தது. முதலாவதைச் சார்ஜரில் வைத்தேன். சார்ஜர் சிவப்பாக மின்னி மின்னி அணைந்தது.

கைநூலில் முப்பத்தொன்பதாம் பக்கத்தில் அட்டவணை. சிவப்பு மெதுவாக மின்னினால் பற்றரி குளிர்ந்திருக்கிறது அல்லது சூடாக இருக்கிறது, பொறுத்திருங்கள். சிவப்பு வேகமாக மின்னினால் பற்றரிக்கும் சார்ஜருக்கும் தொடர்பு இல்லை, கவனியுங்கள். எனக்கு இரத்தம் கொதித்தது. மெதுவாக என்றால் எத்தனை? வேகமாக என்றால் எத்தனை? மணிக்கூட்டைப் பிடித்து எண்ணினேன். பத்து விநாடிக்கு இருபத்திரண்டு. என் பார்வையில் அது மெதுவு. (களஞ்சியத்தில் நான் ஆணி எண்ணும் வேகத்தோடு ஒப்பிட்டேன்.)

ஆகவே பற்றரிக்குக் குளிர். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். மின்னியது. சுடுதண்ணிப் பையின் மேல் வைத்தேன். மின்னியது. இப்போது சூடு கூடிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்துப் பற்றரியின் கக்கத்தில், அதாவது அப்படித் தெரிந்த ஒரு மடிப்பில், வைத்தேன். 'குறைவு' என்று காட்டியது. காய்ச்சல் இல்லை என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன். பிறகு இரண்டாவதை வைத்துப் பார்த்தேன். அதுவும் மின்னியது. இரண்டுக்கும் ஒரே குளிர்.

"இஞ்சேருங்கோ, கண்ணுக்கு மருந்து விட நேரமாச்சு. எனக்குச் சரியா விழுகுதில்லை."

"ஒரு நிமிசம். இது இப்பத்தான் இருபத்தொரு பாகைக்கு வந்திருக்கு."

ஒரு நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவளே தலையை அண்ணாந்து விட்டுக்கொண்டிருந்தாள். முதல் துளி புருவத்தில். இரண்டாவது கன்னத்தில் வழிந்தது. மூன்றாவது கண்ணுக்குள் போயிருக்கலாம். பற்றரிக்காக நான் தொலைபேசியில் ஐந்து அலாரம் வைத்திருந்தேன். அவளுடைய மருந்துக்கு ஒன்றும் வைக்கவில்லை. இதையும் எண்ணித்தான் சொல்கிறேன்.

மாலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். சார்ஜ் ஏறாவிட்டால் என்ன, பாதி இருக்கிறதே! பாதிக்கு எத்தனை மீற்றர் என்று கணக்குப் போட்டேன். பதினாறரை வந்தது. தேவை பதினான்கு. மீதி இரண்டரை மீற்றரைப் பிரேபனுக்கு இலவசமாகத் தள்ளிக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் படிக்கட்டைக் காணவில்லை. அடிமட்டத்தால் அளந்தேன்: முப்பத்தொரு சென்ரிமீற்றர். தெருவைத் துப்புரவாக்கிய வண்டி, அள்ளிய பனியை எங்கள் பாதையின் வாசலில் வரம்பாகக் கட்டிவிட்டுப் போயிருந்தது. அதன் உயரம் ஐம்பத்துநான்கு. எட்டு மணிக்குக் கார் வெளிக்கிட வேண்டும். நேரம் தாராளம். தேத்தண்ணி குடித்தேன். கையுறை போட்டேன். பற்றரிகளைச் சால்வையோடு தூக்கிக்கொண்டு போய் மெசினுக்குள் செருகிப் பிடியை அழுத்தினேன்.

'பீப்.'

கழற்றிச் செருகினேன். 'பீப்.' 1 இருந்த இடத்தில் 2, 2 இருந்த இடத்தில் 1. 'பீப்.' பதினொரு தரம் கழற்றினேன், பதினொரு தரமும் ஒரே பதில்.

தவமணி கோட்டும் சப்பாத்தும் போட்டு, பையோடு வாசலில் நின்றாள். "மெசின் என்னவாம்?"

"பீப் எண்டுது."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"பாக்கிறன்."

"எனக்கு ஒரு கண்தான் கொஞ்சம் தெரியுது. ஆனா நீங்கள் நிக்கிற நிலை வடிவாத் தெரியுது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஏழு மாசம் பாத்துக்கொண்டு இருந்தனான், இஞ்சேருங்கோ."

அதற்குப் பிறகு எனக்கு வெட்கம் பார்க்க நேரம் இருக்கவில்லை. முழங்கால் வரை பனியில் இறங்கிப் பிரேபன் வீட்டுக்குப் போனேன். அவருடைய பாதை ஏற்கெனவே கறுப்பாக, துப்புரவாக இருந்தது. என்னுடைய சவள் ஒன்றில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"மோர்ன்" என்று காலை வணக்கம் சொன்னார்.

"மோர்ன். ஒரு சவள் கடனாகக் கிடைக்குமா?"

"எது வேண்டும்? சிவப்பா, கறுப்பா?"

"உங்களுக்கு எது தேவைப்படாதோ அது."

"உங்களிடம் மெசின் இருக்கிறது அல்லவா?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். அவர் இரண்டு சவள்களையும் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். மெசினைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ஒரு பற்றரியை உருவினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, செம்பு வெட்டுகளைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார்.

"இந்த மஞ்சள் என்ன?"

எனக்கு எல்லாம் அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. பூசையிலிருந்து மூன்றரை மாதம் அலுமாரியின் மிதமான சூட்டில், சந்தனம் சீமெந்து மாதிரி இறுகியிருந்தது. மின்சாரம் வெளியே வரவும் வழியில்லை, உள்ளே போகவும் வழியில்லை.

"சந்தனம்" என்றேன்.

"எதற்கு?"

"எங்களுக்கு ஒரு தெய்வம் இருக்கிறார். அவருக்கு முன்னால் வைத்து இப்படிப் பூசுவோம்."

"எதற்கான தெய்வம்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தவமணி பின்னால் நின்றாள். "கல்விக்கு" என்றேன்.

பிரேபன் கண்ணாடியைத் திரும்ப நெற்றிக்கு ஏற்றினார். "அவர் கைநூலை வாசித்தாரா?" என்று கேட்டார்.

தவமணி முப்பது வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். டேனிஷ் எனக்கு விளங்குவதை விட அவளுக்கு வடிவாக விளங்கும். அவள் சிரித்த சிரிப்பில் கதவு நிலையில் இருந்த பனி விழுந்தது.

பழைய பல் தூரிகை ஒன்று வேண்டும் என்றார் பிரேபன். தவமணி உள்ளே போய் ஒன்றைக் கொண்டு வந்தாள். அது பழையது அல்ல. அது என்னுடையது. அதைச் சொல்வதற்கு அது உகந்த நேரம் அல்ல என்று பட்டது.

பிரேபன் ஆறு வெட்டுகளையும் தேய்த்து, ஊசியால் கிண்டி, வாயால் ஊதினார். செருகினோம். பிடியை அழுத்தினேன். மெசின் உறுமிக்கொண்டு எழும்பியது. வெற்றிக் களிப்பில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. பனி வீசும் குழாய் இடப்பக்கம் திரும்பியிருந்தது. இடப்பக்கம் பிரேபனின் பாதை. அவர் விடிய எழும்பித் துப்புரவாக்கி வைத்திருந்த பாதையில், நான்கு மீற்றருக்கு எங்கள் பனியை அழகாகப் பரவிவிட்டேன்.

"நோ" என்றார் பிரேபன். மூன்று அர்த்தங்களில் எது என்று இந்த முறை விளங்கியது.

ஒன்பதாவது மீற்றரில் மெசின் நின்றது. என் கணக்கில் பதினாறரை. குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும் என்று கைநூல் சொல்லியிருந்தது. கோடுகூடப் போட்டிருந்தேன். கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

மீதி ஐந்து மீற்றரையும் வாசல் வரம்பையும் இரண்டு கிழவர்கள் சவளால் அள்ளினோம். நான் நாற்பது சவள் போட்ட நேரத்தில் பிரேபன் அறுபத்தாறு போட்டார். எட்டு நாற்பத்தொன்றுக்குக் கார் தெருவில் ஏறியது. வைலே வரைக்கும் தவமணி கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

கிளினிக்குக்குப் போனபோது பத்து மணி ஐந்து நிமிடம். முப்பத்தைந்து நிமிடம் பிந்திவிட்டோம். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். மெசின், வெப்பநிலை, சந்தனம் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் பாதியில் மறித்தார்.

"உட்காருங்கள். டாக்டரும் இன்னும் வரவில்லை. வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருக்கிறார்."

தவமணி கதிரையில் இருந்து மூச்சு விட்டாள். "பாவம். அந்த மனிசனிட்டையும் மெசின் இருக்குப் போலை" என்றாள்.

சத்திரசிகிச்சைக்குப் பதினாறு நிமிடம்தான் எடுத்தது. மறுநாள் கண்ணின் மூடியை எடுத்தோம். அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். "கனக்க நரைச்சிட்டுது" என்றாள். பிறகு நேரே போய்க் கைநூலை எடுத்தாள். நாலாம் பக்கம், மூன்றாம் வரியை வலது கண்ணால் மட்டும் சத்தமாக வாசித்தாள்: "பற்றரியின் தொடுமுனைகளை எப்போதும் துப்புரவாகவும் உலர்ந்தும் வைத்திருங்கள்."

"இருபத்தேழு இடத்திலை கோடு போட்டிருக்கிறியள். இதுக்கு ஏன் போடேல்லை?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்" என்றேன்.

மூன்று வாரத்தின் பின் பரிசோதனைக்குப் போனோம். நன்றாக ஆறிவிட்டது, இடது கண்ணுக்கு மார்ச் தொடக்கத்தில் இடம் இருக்கிறது என்றார் தாதி. தவமணி வேண்டாம் என்றாள், ஜூன் தாருங்கள் என்றாள். ஏன் அவ்வளவு தள்ளிப் போட வேண்டும், பயமா என்று தாதி கேட்டார்.

தவமணி என்னைக் காட்டி, நிதானமாக, நல்ல டேனிஷில் சொன்னாள்: "என் கணவரிடம் ஒரு மெசின் இருக்கிறது."

ஜூனில் இடது கண்ணும் நல்லபடியாக முடிந்தது. கொப்பியில் 'பற்றரி' என்ற தலைப்பை வெட்டிவிட்டுக் 'கண்' என்று எழுதி, துளி மருந்தை நேரம் தவறாமல் நானே விட்டேன். நூற்றுப் பன்னிரண்டு துளிகள். புருவத்தில் விழுந்தது ஒன்றே ஒன்று.

மெசின் இப்போதும் ஓடுகிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் பற்றரிகளுக்குப் பொட்டு வைப்பவள் தவமணிதான், மூடியில், மிளகளவில். பூசையன்று பிரேபனும் வருவார், கையில் கடதாசியில் சுற்றிய புதுப் பல் தூரிகையோடு. (என்னிடம் இப்போது மூன்று இருக்கின்றன.) என் சவள்களை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை; தேவைப்படும் நாளில் அவை அவரிடம் இருப்பதுதான் பாதுகாப்பு.

அந்த வசனம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. விமானத்துக்கு இரண்டு மணித்தியாலம் போதும் என்று நான் சொன்னால், பாதை எனக்குத் தெரியும் என்று சொன்னால், மழை வராது என்று சொன்னால், நிரூபா தாயைப் பார்ப்பாள். டேனிஷில் மட்டுமே கதைக்கும் அந்தப் பிள்ளை, இந்த ஒன்றை மட்டும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொல்லும்: "பயப்பிடாதேங்கோ அம்மா, எங்களிட்டை மெசின் இருக்கு."

இதுவரை எண்பத்துமூன்று தரம் சொல்லியாகிவிட்டது. அதில் ஒன்பது பிரேபன் சொன்னது.